இஞ்சிச் சோடாவுக்கு நாங்கள் போட்ட மார்க்

எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்ப்பது என் வேலை. அம்மா கரண்டியை நீட்டுவாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன பெருமை இருக்க முடியும்? ஆகவே அத்தான் என்னைக் கூப்பிட்டு, "நீதான் பிள்ளை மார்க் போடணும்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். அத்தை மகனும்கூட. கொழும்பில் ஒரு சோடா கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். எழுபதுகளில் அங்கிருந்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ் ஒரு நிமிஷம் நின்று போகிற கரிசல் ஊர் அது. அக்காவைக் கட்டிக்கொடுத்து அப்பா வீட்டோடு வைத்துக்கொண்டார். பருத்திக் காட்டில் அரை நாள் களை வெட்டினால் அத்தானின் கை இரண்டும் கொப்பளித்துவிடும். "வீட்டோட மாப்பிள்ளைக்குக் காடு எதுக்கு, சோறு போதாதா?" என்று ஊரில் காதுபடவே பேசினார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அக்காதான் உள்ளே வந்து அழுவாள்.

அப்போது அக்காவுக்கு ஐந்து மாதம். பம்பாயில் இருந்த கூட்டாளி ஒருவர், மில்லில் வேலை இருக்கிறது, உடனே வா என்று எழுதியிருந்தார். போனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரமுடியும். போகாமல் இருப்பதற்கு அத்தானிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மதுரையில் கலர் சோடா கம்பெனி வைத்திருந்த ஒருவர் கொழும்பிலேயே அத்தானுக்குப் பழக்கம். சித்திரையில் வந்து உன் சோடாவைக் குடித்துப் பார்க்கிறேன், பிடித்திருந்தால் நீ போடுவதையெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் அத்தான் ஊரில் இருப்பார். பிடிக்காவிட்டால் பம்பாய்.

அத்தான் போட்டது கேஸ் அடைத்த சோடா இல்லை. இஞ்சியை நசுக்கி, கருப்பட்டிப் பாகும் எலுமிச்சையும் சேர்த்து, மோருக்கு உறை விடுவதுபோலப் பழைய ஊறலில் ஒரு கரண்டி விட்டு, மண்பானையில் ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி வைப்பார். மூன்றாம் நாள் பானைக்குள் காதை வைத்தால் குசுகுசு என்று பேச்சுக் கேட்கும். பிறகு பாட்டிலில் ஊற்றி, தக்கை அடித்து, சணலால் இறுகக் கட்டி, ஈர மணலில் புதைப்பார். கொழும்பில் இதற்கு இஞ்சி பீர் என்று பெயராம். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"பீருன்னு வெளிய சொல்லிராதீங்க மாப்ள. மதுவிலக்குப் போலீசு மணலத் தோண்டிரப் போவுது" என்றார்.

அன்றிலிருந்து அது இஞ்சிச் சோடா ஆனது. சித்திரை வெயிலில் இரண்டு பாட்டில்கள் வெடித்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேட்டு என்று நினைத்து, யார் வீட்டில் விசேஷம் என்று விசாரிக்க வந்தார்கள்.

மார்க் போடும் முறையை நான்தான் ஏற்படுத்தினேன். அச்சு கலங்கிய தீப்பெட்டி லேபிள்கள் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்து, பின்பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்வேன். காரம், இனிப்பு, மூக்கில் ஏறும் சுறுசுறுப்பு, குடித்து முடித்த பிறகு நாக்கில் நிற்கிற ருசி, நாலையும் சேர்த்துப் பார்த்து ஒரே மார்க். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. விரலைக் காட்டுவாள், நான் எழுதிக்கொள்வேன். அப்பா எல்லாவற்றுக்கும் ஏழு போடுவார். மாப்பிள்ளை கொடுத்ததைக் குறை சொல்வதும் முறையில்லை, ஒரேயடியாகப் புகழ்வதும் முறையில்லை என்பது அவர் கணக்கு. அக்கா எல்லாவற்றுக்கும் பத்து போடுவாள். மிச்சம் இருந்தது என் மார்க்தான்.

ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்த பிறகு கடைசியாக இரண்டு நின்றன. இரண்டுக்கும் ஒரே இஞ்சி, ஒரே கருப்பட்டி. தண்ணீர்தான் வேறு. ஒன்று எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் போட்டது. இன்னொன்றுக்கு அத்தான் கோவில்பட்டிக்குப் போய், குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரைச் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஊரில் ஊருணி ஆடுமாடுகளுக்கு. மனுஷருக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்த ஒரே கிணறுதான்.

ஆற்றுத் தண்ணீர்ச் சோடாவை ஒரு வாய் குடித்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. சப்பென்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் போட்டதோ, கருப்பட்டியின் ருசியைத் தூக்கிக் கொடுத்தது. அதற்கு ஒன்பது போட்டேன். ஆற்றுத் தண்ணீருக்கு ஐந்து. அம்மாவும் ஒரு கை விரலை மட்டும் விரித்துக் காட்டினாள்.

அத்தான் ஒன்பது வாங்கிய பாட்டிலை மறுபடி குடித்துப் பார்த்தார்.

"எனக்கு என்னமோ இது லேசாக் கரிக்க மாதிரி இருக்கு பிள்ளை."

"ஒங்களுக்குச் சிலோன் நாக்கு அத்தான்" என்றேன். "நாலு பேரு குடிச்சிட்டு நல்லாருக்குங்கோம். ஒங்களுக்கு மட்டும் கரிக்குதா? ஊரோட ஒத்துப் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். வேறு மனுஷராக இருந்தால் தன் நாக்கை நம்பியிருப்பார். அத்தானோ சாப்பாடு போடுகிற வீட்டில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஆற்றுத் தண்ணீர்ச் சோடாவை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, மதுரைக்காரருக்காக நாற்பது பாட்டிலையும் கிணற்றுத் தண்ணீரிலேயே போட்டார். வரப்போகிறவர் வைகைத் தண்ணீர் குடிக்கிறவர் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அவர் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் தோல்பை. மூன்றரை மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றார். அத்தான் மணலைத் தோண்டிப் பாட்டிலை எடுத்துச் சணலை அறுத்தார். தக்கை கூரையில் போய் அடித்தது. மதுரைக்காரர் சந்தோஷமாகச் சிரித்தார். "கொழும்பு மாதிரியேல்ல இருக்கு!" என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். அதை விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வாசல் பக்கம் போய்த் துப்பினார்.

"என்ன தம்பி இது, உப்புக் கரிக்குது?"

இன்னொரு பாட்டிலை உடைத்தார் அத்தான். அதுவும் அப்படித்தான் என்றார் மதுரைக்காரர். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா ஓடிப்போய்ப் பானையிலிருந்து செம்பில் மொண்டு வந்தாள். அதை வாயில் வைத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"தண்ணிதான் காரணம். இத மதுரையில ஒருத்தனும் குடிக்க மாட்டான் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சங்கடத்தோடு சொன்னார்.

நாங்கள் ஆளுக்கு ஒரு மடக்கு சோடா குடித்தோம். தண்ணீரையும் குடித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கே இருக்கிறது உப்பு? நான் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். இஞ்சி தெரிந்தது, எலுமிச்சை தெரிந்தது, கருப்பட்டி தெரிந்தது. ஒரு மனுஷர் துப்புகிற அளவுக்கு உப்பு இருக்கிறது, அதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகையாவது தடவிப் பார்க்கலாம்.

"அண்ணாச்சி, ஆத்துத் தண்ணியில போட்டும் இருந்துச்சி. இன்னொரு வாட்டி வந்தீங்கன்னா..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"பாப்போம் தம்பி" என்றார் அவர். அந்தப் 'பாப்போம்' எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அத்தான் பஸ் வரைக்கும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

ஆடி பிறக்கும் முன்பே அத்தான் பம்பாய்க்கு ரயில் ஏறினார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசி ஆறியிருப்பேன். அக்கா பிள்ளை பெற்றபோதும் அவரால் வர முடியவில்லை. தந்திதான் வந்தது.

அடுத்த வருஷம் என்னைத் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, தலைதீபாவளிக்குத்தான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தேன். அக்கா இடுப்பில் பிள்ளையோடு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ்ஸில் வந்த தாகம், அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். முதல் மடக்கிலேயே வாயெல்லாம் கரித்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"என்னட்டி, தண்ணிய வாயில வச்சிக்கிட்டே நிக்க? நல்லாத்தான இருக்கு?" என்றாள் அக்கா.

விழுங்கினேன்.

"நல்லாருக்குக்கா" என்றேன்.