காதுக்குள் இருந்தவள்

டச்சு நாட்டு டெல்ஃப்டுக்கு வருகிற சுற்றுலாக்காரர் எல்லாரும் பேர்ளியின் ஜன்னலைப் படமெடுத்துக்கொண்டுதான் போவார்கள். கால்வாய்க்கரையில் முந்நூறு வருடத்து வீடு, கூரான முகடு, ஜன்னலில் நீலப்பூ போட்ட சாடி. அந்த ஜன்னலுக்குப் பின்னால், உடுப்பு மினுக்குகிற இஸ்திரி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பாரிஸ் லா ஷப்பலில் இருக்கிற ஒரு மனுசனின் காதுக்குள் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் ஆறு வரை பேசிக்கொண்டிருக்கிற மன்னார்க்காரி மட்டும் ஒருத்தருடைய படத்திலும் விழுந்ததில்லை.

அந்த மனுசன் ஞானசுந்தரம். ரூ பிலிப்-து-ஜிராரில் கடிதம் எழுதிக்கொடுக்கிற கந்தோர் ஒன்று, சின்ன அலுவலகம், வைத்திருந்தார். வதிவிட அட்டை, வரி, வீடு என்று பிரெஞ்சில் எந்தக் கடிதம் வந்தாலும் “ஞானம் அண்ணையிட்டைக் கொண்டு போ” என்பார்கள். புறநகர்ப் பொபினியிலிருந்துகூட ரயில் ஏறி வருவார்கள். அவருடைய வலது காதில் எப்போதும் ஒரு சின்னக் கருவி இருக்கும். காது கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவைத்திருந்தார். சனமும் பாவம் பார்த்து உரத்துக் கத்தும். அந்தக் கத்தல் முழுக்க டெல்ஃப்டில் பேர்ளியின் மண்டைக்குள் போய் இடிக்கும்.

ஞானசுந்தரத்தின் காதில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு பிரெஞ்சில்தான். மீன் வாங்குகிற பிரெஞ்சு, பக்கத்துக் கடைக்காரனோடு சண்டை பிடிக்கிற பிரெஞ்சு எல்லாம் வெளுத்து வாங்குவார். கந்தோர்ப் பிரெஞ்சு, அரசாங்கக் கடிதங்களின் அந்த முழ நீள வசனங்கள், ஒரு சொட்டும் ஏறாது. ஐந்து வருடம் பேர்ளி பின்மேசையில் இருந்து எழுதினாள். அவள் விரல் வைத்த இடத்தில் அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பிறகு அவளுடைய புருஷன் பிரின்ஸ்டனுக்கு டெல்ஃப்ட் பக்கத்தில் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்க்கிற தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஞானசுந்தரம் அழாக்குறையாக நின்றார்.

“நீ போனா நான் என்னெண்டு பிள்ளை கந்தோரைத் திறக்கிறது? அங்கை இருந்து காதிலை சொல்லு, அது போதும்.”

நாலு வருடம் சொன்னாள். வருகிறவர் கடிதத்தை மேசையில் விரிப்பார். மேசைக்கு மேலே மாட்டிய கமெரா வழியாக அவள் வாசிப்பாள். அவள் சொல்லச் சொல்ல, அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஏதோ ஞானதிருஷ்டியில் தெரிகிற மாதிரி ஒப்புவிப்பார். சனம் வாயைப் பிளக்கும். பதில் கடிதத்தை அவள் டெல்ஃப்டிலிருந்து அடித்து அனுப்புவாள், அவர் கையெழுத்து வைப்பார். அவருக்கு ஒரேயொரு தொந்தரவுதான். டெல்ஃப்டின் பெரிய கோயில் மணி கால்மணிக்கொருதரம் அடித்து அவர் காதுக்குள்ளும் கேட்கும். “அந்த மணியை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லு பிள்ளை” என்று சினப்பார். பேர்ளி போய்ப் பாதிரியாரைப் பிடிப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ!

டெல்ஃப்டில் குடியிருந்தாளே தவிர அவளுக்கு டெல்ஃப்ட் தெரியாது. ஏணி மாதிரிச் செங்குத்தான படியில் பின்பக்கமாக இறங்கப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். காலையில் லா ஷப்பல், மத்தியானம் லா ஷப்பல், கனவிலும் லா ஷப்பல். நாள் முழுக்கக் காதை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டவளுக்குப் புதுப்பாஷை எங்கே ஏறும்? பாண்கடைக்காரியிடம் நாலு வருடத்தில் அவள் சொன்ன டச்சு “நன்றி” ஒன்றுதான்.

மாசியில் ஒரு வழி திறந்தது. டென் ஹாக்கில் அகதிகளுக்கு உதவுகிற ஒரு நிலையம், தமிழும் கந்தோர்ப் பிரெஞ்சும் தெரிந்த ஆளைத் தேடியது. டச்சைத் தாங்களே படிப்பிப்பார்களாம். பேர்ளியைக் கண்டதும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கேட்டது ஒன்றே ஒன்று: என்ன வேலை செய்தாள் என்று முதலாளி கையெழுத்திட்ட அத்தாட்சி. அதை அவரே நேரே அனுப்பவேண்டும்.

அவரும் அனுப்பினார். என்ன அனுப்பினார் தெரியுமா? உணவகத்தில் துப்புரவு வேலை செய்கிற பெண்களுக்காகப் பேர்ளியே முன்பு எழுதிக் கணினியில் வைத்திருந்த கடிதத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார். ‘தரை துடைத்தல், குப்பை அகற்றுதல், தேநீர் தயாரித்தல். நேர்மையானவர், நேரம் தவறாதவர்.’ ஒவ்வொரு சொல்லும் அவள் தேடித் தேடிப் போட்ட சொல். நிலையம் அதை அவளுக்குக் காட்டி மரியாதையாகக் கையை விரித்தது. ஆவணியில் மறுபடி ஆள் எடுப்போம், அவர் கையெழுத்திட்ட சரியான அத்தாட்சியோடு நீங்களே வாருங்கள் என்றது.

பேர்ளி அவரை அழைத்தாள்.

“அண்ணை, நான் உங்கடை கந்தோரைக் கூட்டித் துடைச்சனானோ?”

“உள்ளதை எழுதினா சனம் என்னை என்னெண்டு மதிக்கும், பிள்ளை? வேலையெண்டா எல்லாம் வேலைதானே. நீ அங்கை கால்வாய்க்கரையிலை ராசாத்தி மாதிரி இருக்கிறாய். இன்னும் என்ன குறை உனக்கு?”

“ஓம் அண்ணை,” என்றாள் பேர்ளி.

அந்த ‘ஓம்’ இருக்கிறதே, அதை வைத்துத்தான் அவள் கறுவத் தொடங்கினாள். பிரின்ஸ்டன் “விட்டுத்தள்ளன்” என்றான். “விடமாட்டன்” என்றாள். அடுத்த நாலு மாதமும் அவரின் காதில் தேன் மாதிரிப் பேசினாள். ஒரு எழுத்துப் பிழை விடவில்லை. கடிதம் கொண்டுவருகிற சனம் என்ன பாவம் செய்தது? அவளுக்கு வேண்டியது அந்த மனுசன், அந்தக் கையெழுத்து.

ஆனியில் அவரே வந்து வலையில் விழுந்தார். ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி ‘ஆவணச் செம்மல்’ என்று பட்டம் கொடுக்கப்போகிறதாம். நகரசபையிலிருந்து ஷார்லோத் என்றொரு பெண்மணியும் வருகிறாளாம்.

“சனிக்கிழமை பின்னேரம் காதிலை நில்லு பிள்ளை. அந்த மனுசிக்கு முன்னாலை பிரெஞ்சிலை நாலு வசனம் விளாசவேணும்.”

“விளாசுவம் அண்ணை,” என்றாள்.

சனிக்கிழமை அவள் டெல்ஃப்டில் நிற்கவில்லை. ரொட்டர்டாமில் ரயில் ஏறி, பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, லா ஷப்பலுக்கு நடந்தாள். மண்டபத்தின் கடைசி வரிசை மூலையில், பச்சைச் சேலையும் கறுப்புச் சால்வையுமாக, கைபேசியைச் சால்வைக்குள் ஒளித்து இருந்துகொண்டாள். பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவே ஓடிக் கூச்சல் போட்டார்கள். சால்வைக்குள் ஒரு பெண் முணுமுணுப்பது யாருக்குக் கேட்கப்போகிறது?

பொன்னாடையோடு ஞானசுந்தரம் ஒலிவாங்கிக்கு வந்தார். கையால் வாயை மறைத்தார்.

“நிக்கிறியே பிள்ளை? இண்டைக்கு மணியைக் காணேல்லை.”

“திருத்த வேலை அண்ணை. தொடங்குவமே?”

தொடங்கினாள். “கீழே கையொப்பமிடும் நான்” என்பது முதல் சொல். பிரெஞ்சு அத்தாட்சி எதுவும் அப்படித்தான் தொடங்கும். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய சொல், மனுசன் குளிர்ந்துபோனார். கண்ணைப் பாதி மூடினார். அவள் முழ நீள வசனத்தை முணுமுணுத்தாள், அவர் வழமைபோலப் பொருளைத் தேடாமல் முழங்கினார். தமிழில் அது இப்படி:

கீழே கையொப்பமிடும் நான் என் மானத்தின் மேல் உறுதி சொல்வதாவது: ஒன்பது வருடமாக என் கந்தோரிலிருந்து போன கடிதங்களில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. அவற்றை வாசிக்கவும் எனக்குத் தெரியாது. அவ்வளவையும் எழுதியவர், இதோ கடைசி வரிசையில் பச்சைச் சேலையோடு இருக்கிறார். அவர் தரை துடைத்தார் என்று நான் அனுப்பிய அத்தாட்சி பொய். சரியான அத்தாட்சியில் இப்போது உங்கள் எல்லாருக்கும் முன்னால் கையொப்பமிடுகிறேன்.

பாரிஸிலேயே பிறந்து வளர்ந்த இளசுகளுக்குத்தான் முதலில் விளங்கியது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஷார்லோத் நெஞ்சில் கைவைத்து எழுந்துநின்று தட்டத் தொடங்கினாள். என்ன பெருந்தன்மை, என்ன பணிவு! அவள் தட்ட, ஒன்றும் விளங்காத பெரியவர்களும் தட்டினார்கள். ஞானசுந்தரம் பூரித்துப்போய்க் கும்பிட்டார்.

அந்தக் கைதட்டலுக்குள் பேர்ளி மேடை ஏறினாள். அவளைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறியது. அவள் கைப்பையிலிருந்து அத்தாட்சித் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விரலை வைத்தாள். ஷார்லோத் தன் பேனையை நீட்டினாள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விரலைக் கண்டதும் கை தானாகப் போனது. கையெழுத்து வைத்தார்.

“என்ன பிள்ளை இது?” என்றார் மெல்ல.

“நீங்கள் இப்ப சொன்னதுதான் அண்ணை.”

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கீழே வரிசை வரிசையாகப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் அறுந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழும்பி, காது மந்தமானவருக்குக் கேட்கவேண்டுமே என்று உரத்துக் கத்தினார்.

“ஞானம்! பிள்ளையள் சொல்லுறது மெய்யே? என்ன சொன்னனீ இப்ப?”

ஞானசுந்தரம் காதிலிருந்த கருவியை விரலால் அழுத்திக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றார். பேர்ளி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.