தனக்குத் தானே சரி சொல்லிக்கொண்ட மென்பொருள்

எங்கள் மெத்தைக் கம்பெனியில் என் அத்தானுக்குப் பெயர் ‘பார்க்கலாம்’. அக்காவின் கணவர் என்றுகூடப் பாராமல் நானும் அப்படித்தான் சொல்வேன், அவர் முதுகுக்குப் பின்னால். கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு ஒரே வேலை. எந்தப் பிரிவு எந்தப் புதுக் கருவியைக் கேட்டாலும், அது தேவைதானா, இருப்பதை வைத்தே ஒப்பேற்ற முடியாதா, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள் என்று குடைந்தெடுப்பார். அதோடு விடுவாரா? ஏழு நாள் தானே பயன்படுத்தியும் பார்ப்பார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ‘சரி’ என்று எழுதியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒருமுறை, ஊழியர்கள் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று எண்ணும் கைப்பட்டை வேண்டும் என்று பணியாளர் பிரிவு கேட்டது. அத்தான் அதைத் தூக்கத்தில்கூடக் கழற்றாமல் திரிந்தார். ‘உட்கார்ந்த இடத்திலேயே தலையைச் சொறிந்து இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டேன். தேவையில்லை’ என்று அறிக்கை எழுதினார்.

இந்த மனுஷனிடம்தான் என் தலையெழுத்து மாட்டியது. நான் புகார்ப் பிரிவு. வாடிக்கையாளர் கடிதங்களுக்குத் தானாகவே பதில் எழுதும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தவள் நான்தான். அது இந்த மாதத்துக்குள் வந்துவிட்டால் பிரிவுத் தலைவி பதவி உனக்கு என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். மெத்தையில் குழி விழுந்ததற்கெல்லாம் ஒன்பது வருடமாக மன்னிப்புக் கேட்டே தேய்ந்தவள் நான். அந்தப் பதவி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அத்தான் அதைத் தன் மின்னஞ்சலிலேயே பொருத்தினார். ஏழு நாளைக்கு எல்லாவற்றுக்கும் அதுவே பதில் போடட்டும், கடைசியில் மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். புத்திசாலி செய்கிற வேலையா இது? கோபமாக எழுதுபவர்களைச் சமாதானம் செய்வதற்கென்றே பிறந்த மென்பொருள் அது. யார் என்ன கேட்டாலும், ‘தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். கேட்டபடியே செய்து தருகிறோம்’ என்று எழுதிவிடும். அவருக்கு வருவதோ அத்தனையும் பிரிவுகளின் கோரிக்கைகள். கிடங்குக்குப் பறக்கும் கேமரா, சரி. தேநீர் வண்டி தள்ளிவரும் ரோபோ, சரி. கரண்டித் திருடர்களைத் தடுக்க உணவுக்கூட அலமாரிக்குக் கைரேகைப் பூட்டு, அதுவும் சரி. ஆபீஸே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வராந்தாவில் பார்க்கிறவர்களெல்லாம் வணக்கம் போட்டார்கள். அவர் ஒன்றும் புரியாமல் தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

மென்பொருள் வேண்டும் என்ற என் கோரிக்கை என்ன ஆயிற்று என்று மேலாளரும் அந்த வாரம் அத்தானுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கேட்டபடியே செய்து தருகிறோம் என்று உடனே பதில் போயிருக்கிறது. அவர் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு, என் பதவிக் கடிதத்தை அடிக்கச் சொல்லிவிட்டார். பதில் போட்டது மென்பொருள்தான் என்று தெரியாத நான் அக்காவுக்குப் போன் போட்டு, உன் வீட்டுக்காரர் தெய்வம் என்றேன். நிஜமாகவே நீதானா பேசுகிறாய் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

எட்டாம் நாள் காலை அத்தான் என் மேசைக்கு வந்தார். பேயறைந்த முகம். மென்பொருள் மொத்தம் பத்தொன்பது கோரிக்கைகளுக்குச் சரி சொல்லியிருப்பதையும், பதினெட்டைத் தான் ரத்து செய்துவிட்டதையும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உன்னோடத மட்டும் தொடல. அது தனக்குத் தானே சரி சொல்லிக்கிச்சுன்னு யாருக்கும் தெரியாது. நான் எழுதினேன்னு சொன்னா, நான் எழுதினதுதான்.”

ஆசை யாரை விட்டது? நானும் ‘சரி’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அடுத்த வாரமே அந்த மென்பொருள், கேட்டவருக்கெல்லாம் புது மெத்தை தருவதாக எழுதிவிடும். அப்போது உருளப்போவது அத்தானின் தலை. எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பதவிக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வெளியே அத்தான் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கைக்குட்டையை நீட்டினார்.

“வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டியேம்மா.”