மிளகாய் அரைத்த கை

மைதீன் பாத்துவுக்கு ஓர் இடத்தில் உட்காரவே தெரியாது. கப்பலேறி வந்த மலாய் நாட்டில், சூலியா தெருவுக்குப் பின்னால், எங்கள் சந்தில், அவளும் நானும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தோம். விடிந்தும் விடியாமல் அவள் அம்மிதான் என்னை எழுப்பும். கடையநல்லூர்க்காரி. மிளகாயும் மல்லியும் மஞ்சளும் ஈரமாய் அரைத்து, உருட்டி, இலையில் மடித்து வீடுவீடாகக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் நாகூர் மீரானுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. கப்பல் குறைந்தது, அவன் வேலையும் குறைந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அவள் அம்மியால்தான்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் கண்டு, பால் வற்றிப்போனது. மடியில் பல் முளைக்கிற யூசுப். டின் பால் கொடுத்தால் வயிற்றால் போனது. கஞ்சியைத் துப்பினான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பிரசவம் பார்க்கும் மலாய்க்காரி காமாரியா, எங்களோடு பழகித் தமிழ் படித்தும் மலாய் 'லா'வை விடாதவள், வந்து பார்த்தாள்.

"உருளைக்கிழங்கு கொடுலா. தோலோட நல்லா வேக வை. உரிச்சு, கட்டியில்லாம மசிச்சு, கஞ்சித்தண்ணி ஊத்திக் குழைச்சுக் கொடு. புள்ள தேறிடும்."

பாத்து அப்படியே செய்தாள். சின்னக் கட்டியைக்கூட விடாமல் விரலால் தேடித் தேடி நசுக்கினாள். ஒரு வாய் வைத்ததுதான் தாமதம், பிள்ளை வீலென்று கத்தினான்.

"கிழங்கு கெட்டுப்போச்சாக்கா?" என்று என்னிடம் ஓடிவந்தாள். நக்கிப் பார்த்தேன். நல்ல கிழங்குதான். அவள் கேட்கவில்லை. பாசாரில் வேறு கடையில் வாங்கினாள். சட்டியை மாற்றினாள். திருஷ்டி என்றாள், ஓதிய தண்ணீர் என்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பார்க்கிற எனக்கே கால் வலித்தது.

ஒருநாள் அவள் வியாபாரத்துக்குப் போயிருந்தபோது பிள்ளை அழுதான். நான் ஒரு கிழங்கை வேகவைத்து, மசித்து ஊட்டினேன். தின்றான் பாருங்கள், என் விரலையும் சேர்த்துச் சப்பினான்! அந்த நேரம் வாசலில் வந்து நின்றாள் பாத்து.

"பெத்தவ நான். என் கையக் கண்டா வாய இறுக்குறான். உன் கையில என்னத்த வச்சிருக்கே?"

"சோத்துக் கையத்தான் வச்சிருக்கேன், போடி!" எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். வெடுக்கென்று உருவிக்கொண்டேன். வேர்வை வழிந்தது, அந்த மணிக்கட்டாலேயே கண்ணைத் துடைத்தேன். அய்யய்யோ!

"படுபாவி, என் கண்ணு போச்சுடி!"

குழாயடிக்கு ஓடித் தண்ணீரை வாரி வாரி அடித்தேன். அப்போதுதான் உறைத்தது எனக்கு.

"அடியே பாத்து! கிழங்குல ஒண்ணுமில்ல. உன் கையிலதாண்டி இருக்கு!"

அவள் விரலை நக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் காரமா இல்லையேக்கா." எப்படித் தெரியும்? குமரிப் பருவத்திலிருந்தே மிளகாய் அரைத்தவள். நாக்கும் மரத்துவிட்டது, கையும் மரத்துவிட்டது.

"எம் புள்ள வாயில நானா நெருப்ப வச்சேன்? யா அல்லா!" தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கரண்டியால் ஊட்டிப் பார்த்தாள். அவள் கை கிட்டே வந்தாலே பிள்ளை முகத்தைத் திருப்பினான். "நானே ஊட்டுறேனே, விடேன்" என்றேன்.

"நீ ஊட்டினா வயிறு நெறையும். எம் புள்ள எனக்குப் பயப்படுறது தீருமா?"

அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மீரான் முணுமுணுத்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புளி, சாம்பல், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். காரம் போனதா என்று நாக்கு சொல்லாது, கை சொல்லாது. அதனால் காலையில் எழுந்ததும் விரலைத் தன் கண்ணில் வைத்துப் பார்ப்பாள். கண்ணீர் கொட்டும். "இன்னைக்கும் போகலக்கா" என்று மறுபடி நடப்பாள்.

"பைத்தியமாடி நீ? குருடாப் போவே!" என்று திட்டுவேன். மறுநாளும் வைப்பாள். அதுவரை பிள்ளை வயிற்றுக்கு என் கைதான்.

ஒரு காலை, விரலை வைத்தாள். காத்திருந்தாள். இமைத்தாள்.

"எரியலக்கா!"

கிழங்கு வெந்தது. என் மடியில் யூசுப். முதல் வாய் நான் வைத்தேன், வாங்கிக்கொண்டான். இரண்டாவது வாய் அவள். உதட்டை இறுக்கினான். கிழங்கு உதட்டில் பட்டு ஒட்டிக்கொண்டது. நக்கினான். கத்தவில்லை. மெதுவாக வாயைத் திறந்தான். பாத்து ஓவென்று அழுதாள், கிழங்குக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே அம்மி ஓட ஆரம்பித்தது, வயிறு இருக்கிறதே. ஆனால் அதற்குப் பிறகு மிளகாயைக் கையால் தொட்டதில்லை, சிரட்டைத் துண்டால்தான் வழித்தாள். இருந்தும் மனசு கேட்காது. பிள்ளைக்கு ஊட்டும் முன் விரல் முதலில் தன் கண்ணுக்குத்தான் போகும்.

யூசுப் அதைப் பார்த்தே வளர்ந்தான். கிண்ணத்தை முன்னால் வைத்தாலும் சும்மா உட்கார்ந்திருப்பான். அம்மா தன் கண்ணைத் தொட்ட பிறகுதான் வாயைத் திறப்பான்.