விசில் ஊதாமல் ஆடிய தரை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று மத்தியானம் தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. என் கடை ஊறுகாய் ஜாடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

பக்கத்தில் கறிவேப்பிலை விற்கும் மல்லிகா சட்டென்று எழுந்தாள்.

“இன்னா மல்லிகா, நீ எழுந்த வேகத்துல தரையே ஆடிப்போச்சே!” என்றேன்.

வழக்கமாக என் கிண்டலை இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். இன்று சிரிக்கவில்லை.

“விசில் கேட்டுச்சாண்ணா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்துக் கல்குவாரி மலையில் விசில் ஊதி, ஆட்களை ஒதுக்கிய பிறகுதான் வெடி வைப்பார்கள். இன்று விசில் கேட்கவில்லை. அவள் புருஷன் அங்கேதான் கல் உடைக்கிறான்.

“வெடி இல்லம்மா. பூகம்பமாத்தான் இருக்கும்,” என்றேன். பூகம்பம் வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஜாடி வாங்க வந்த பூகோள வாத்தியார் அவளுக்குத் தைரியம் சொல்ல நினைத்தார்.

“பயப்படாதம்மா. பூமியோட மேல் ஓடு துண்டு துண்டா நகருது. துண்டுங்க உரசற ஓரத்துலதான் எரிமலை, பூகம்பம் எல்லாம் அதிகம். நாம நடுவுல இருக்கோம். இங்க பூகம்பம் வராது.”

மல்லிகா கூடையைப் போட்டுவிட்டு மலைப் பக்கம் ஓடினாள்.

இன்னும் திரும்பவில்லை. கூடை என்னிடம்தான் இருக்கிறது. டீக்கடை ரேடியோவிலும் ஒன்றும் சொல்லவில்லை.

தாம்பரம், அனகாபுத்தூர்க்காரர்களே, உங்கள் வீட்டுப் பாத்திரங்களும் ஆடினவா? மலை வெடி அவ்வளவு தூரம் ஆட்டாது. ஆடியது என்று ஒருவராவது சொல்லுங்கள். வாத்தியாரை ஆயுசு முழுக்கக் கிண்டல் செய்ய நான் தயார்.