உமாபதி படத்துக்கு ஒரு மாலை

இருபத்திரண்டு வருடங்களாக தேவசேனா அடுத்தவர் குரலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்து, திருப்பதியில் வயலின் படித்தவள். ஹரிகதை, பஜனை, கல்யாணக் கச்சேரி என்று யார் கூப்பிட்டாலும் போவாள். பாடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் ஒரு பிடி பிடித்தால் அரை நொடி தள்ளி அதையே வில்லில் எடுக்க வேண்டும். அவர் சறுக்கினால் தானும் கூடவே சறுக்கி, அது சறுக்கலே இல்லை என்று ஆக்க வேண்டும். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவள் தனியாக ஒரு பாட்டை வாசித்துக் கேட்டவர் யாருமில்லை, அவள் உட்பட.

நாற்பத்து நான்காம் வயதில் நிதின் அவளைக் கூப்பிட்டான். திருப்பதியில் தந்தி வாத்தியக் குழு வைத்திருப்பவன். இரண்டு வயலின், ஒரு வியோலா, அவன் வாசிக்கும் செல்லோ. வயலின்காரர்களில் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். சித்தூர் உமாபதியின் பாட்டுகளை மட்டும் வைத்து அவருக்கு மரியாதை செய்ய ஒரு கச்சேரி; அது நன்றாக அமைந்தால் ஆவணியில் ஹைதராபாத், அதற்குப் பிறகு அந்த நாற்காலி அவளுக்கே என்றான்.

அந்த நாற்காலி அவளுக்கு வேண்டியிருந்தது. உட்காரத்தான் தெரியவில்லை. தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்தே பழகியவள். பத்து நாள் கழுத்து வலியோடு பழகினாள்.

உமாபதியை அவள் கேட்டதில்லை. முப்பது வருடத்துக்கு முன் கிராமத்து மெட்டுகளில் கிடாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடியவர் என்றார்கள். ரேணிகுண்டாவில் தவறவிட்ட ரயில். கிணறு வெட்டப் போய்த் திரும்பாத அண்ணன். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத வீடு. அவர் பாட்டு எல்லாம் துக்கம்.

ஒத்திகையின் முதல் நாளே கேட்டாள். "பாடறது யாரு நிதின்?"

"யாரும் பாடலக்கா. ரெண்டாவது பாட்டுல ஒங்க வயலின்தான் பாட்டு. பேப்பர்ல எழுதியிருக்கறத வாசிங்க, சாலு, அது போதும்."

அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவருடைய பாட்டு அத்தனையும் வாசிக்கிறார்கள், பாட அவர் வரவில்லை. கிணற்றுப் பாட்டை வாசிக்கும்போது நிதினுக்குக் கண் கலங்கியது. ஆள் போய்விட்டார் என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிற பிள்ளையை எப்படிக் கேட்பது?

கச்சேரியன்று நகரியிலிருந்து பஸ் ஏறி வந்தவள், கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம் பூக்கடையில் நின்றாள்.

"சம்பங்கி மாலை ஒண்ணு குடுப்பா."

"சாமிக்கா, ஆளுக்கா?"

"படத்துக்கு."

கடைக்காரர் மாலையிலிருந்த ஜிகினாவை உருவிப் போட்டுவிட்டுக் கொடுத்தார்.

அரங்கத்தில் மேடை ஓரம் உமாபதியின் பெரிய படம் கூட்டத்தைப் பார்த்து நின்றது. கிடாரைக் கட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். தேவசேனா ஸ்டூல் மேல் ஏறி மாலையைப் போட்டாள். அரங்கத்து ஊழியர் ரமணா அதைப் பார்த்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தில் நாலு ஊதுபத்தி குத்தி எடுத்து வந்தார்.

"ஜாஸ்தி வயசு இல்லியே, பாவம்" என்றார்.

"பாவம்தான்" என்றாள்.

கூட்டம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நிதினும் மற்றவர்களும் விளக்கு அணைந்த பிறகே பின்பக்கமாக மேடைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது படத்தின் முதுகு மட்டும்.

முதல் பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. நிதின் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். இந்த மாதிரி இடத்தில் எப்படித் தட்டுவார்கள்?

இரண்டாவது, கிணற்றுப் பாட்டு. அவள் நாலு வரி வாசித்திருப்பாள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரு அம்மாளும் நரைத்த தாடிக்காரர் ஒருவரும் வந்து முன்வரிசையில் காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தேவசேனா படத்தில் பார்த்த முகத்தை நேரில் பார்த்தாள். அண்ணனோ தம்பியோ என்று நினைத்தாள். அதற்குள் பின்வரிசைகளில் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த மனிதரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்தப் பாட்டைத்தான் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்.

பேப்பரில் இருந்தது வேறு, அவர் வாயில் இருந்தது வேறு. ஒரு சொல்லை இழுத்தார். அவள் வில்லும் அரை நொடி தள்ளி இழுத்தது. கூடாது என்று தெரிந்தது. நிதின் செல்லோவுக்கு மேலாக முறைப்பதும் தெரிந்தது. கண் அந்த உதட்டைவிட்டு வரவில்லை. மற்ற மூவரும் தடுமாறி நின்று, பிறகு எப்படியோ அவளுக்குப் பின்னால் வந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் விடுவிடுவென்று படத்தருகே வந்து மாலையைக் கழற்றினாள். உமாபதியின் மனைவி பத்மினி.

"யாரு போட்டது இத? தாலி கட்னவரு உயிரோட வந்துக்கினு கீறாரு, இங்க ஊதுபத்தி பொகையுது!"

ரமணா தேவசேனாவைக் கை காட்டினார்.

"ஏம்மா, ஒனக்கு இன்னா பண்ணாரு இவரு?"

உமாபதி எழுந்து வந்து மாலையை முகர்ந்து பார்த்தார்.

"சம்பங்கியா? நான் போனா வெறும் சாமந்திதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வாய மூடு நீ" என்றாள் பத்மினி. மாலையைச் சுருட்டி தேவசேனாவின் மடியில் போட்டாள். "நீயே எடுத்துக்கினு போ."

மீதிப் பாட்டுகளைப் பேப்பர் பார்த்து வாசித்தாள். கூட்டம் கைதட்டியது. நிதின் முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது, "அக்கா, எழுதனத வாசிக்கணும். ஆளப் பாத்து வாசிக்கறதுன்னா எதுக்கு இந்தக் குழு?" என்றான். ஹைதராபாத் பேச்சை எடுக்கவே இல்லை.

பஸ்ஸில் மாலை மடியில் கிடந்தது. உயிரோடிருப்பவர் படத்திலிருந்து இறக்கிய மாலை. சாமிக்கு ஆகாது, தலைக்கு ஆகாது, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. புத்தூர் தாண்டியும் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் மத்தியானம் தறிச் சத்தத்துக்கு நடுவில் நிதின் போனில் பேசினான். "ரெக்கார்டிங் கேட்டேன். கெணத்துப் பாட்டுல நீங்க எதோ பண்ணீங்களே, அது நல்லா கீது. உமாபதி சாருக்கும் புடிச்சிருக்காம். ஹைதராபாத்ல அப்படியே வாசிங்க."

"அவரு வருவாரா?"

"எங்க விடுவாங்க பத்மினியம்மா? நீங்க வாங்க. இந்தவாட்டி ஒங்க பாட்டுக்குப் பேப்பர் வேணாம்."

வயலினை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் வரி வந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் வில் நின்று காத்தது. சுவர் ஒன்றும் பாடவில்லை. இது தன்னுடையதா, அந்த உதட்டினுடையதா என்று அவளுக்கு விளங்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நிதினுக்குப் போன் போட்டாள்.

"வரேன். ஒண்ணு பண்ணு. அந்தப் படத்த ஜனங்க பக்கம் வெக்காத. என் பக்கமா திருப்பி வெய்."

"எதுக்குக்கா?"

"தெரியல" என்றாள். "மாலை வேணாம்."