மூடிய தறிக்குழி

பதினோரு வருடம் வாடகை வீட்டில் தறி போட்டு நெய்த எனக்குச் சொந்த வீடு என்றதும் ஒரே அவசரம். சித்திரையில் ஒரு நெசவாளரின் வீடு விலைக்கு வந்தது. வெளிச்சமான கூடம், பாவு நூலை நீட்ட நேரான தெரு. நெய்யும்போது காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழியை மட்டும் மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள்.

"அதுக்கு இன்னா, தோண்டிக்கலாம்" என்று முன்பணம் தரக் கிளம்பினேன்.

என் மனைவி விடவில்லை. "அந்த வீட்டுக்காரரு சொந்த வீட்டுக் குழிய மூடிட்டு, அவரு அண்ணன் வீட்டுல போயி நெய்துக்கினு இருக்காரே, ஏங்க?"

அந்தக் கேள்வி என்னையும் குடைந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன், பேச்சை மாற்றினார். தெருக்கோடியிலேயே ஏரி இருந்தது; எதற்கும் மழை வரட்டும் என்று காத்திருந்தோம்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் மறுபடி போனோம். தரை வெடித்து, குழி இருந்த இடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஈரச் சாக்கும் கையுமாக நின்றார்.

"வருஷா வருஷம் இப்படித்தாம்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தத் தண்ணீரில்தான் என் கால்கள் கிடந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து, இருட்டுக் கூடமானாலும் மழையில் குழி ஊறாத சின்ன வீடு ஒன்றை வாங்கினோம். கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்ததும் வெளிச்சம் வந்துவிட்டது.

இப்போது யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும் மழைக்காலத்தில்தான் போகிறேன். கூடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், வெறுங்காலோடு தறிக்குழிக்குள் இறங்கி நிற்கிறேன்.