நடு சீட்டுக்குக் கீழே

மெக்கானிக் என் உள்ளங்கையில் கொட்டியதைப் பார்த்தேன். ஊசி ஊசியாக உருள வேண்டிய பேரிங், மிளகாய்ப் பொடி மாதிரி துருவாகக் கிடந்தது. ஒரு சொட்டு கிரீஸ் இல்லை.

திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் இருந்து பெண்களை ஏற்றி அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் கொண்டுபோய் இறக்குவதுதான் என் வேனுக்கு வேலை. இன்ஜின் முன்னால், சுற்றுவது பின் சக்கரம். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளத் தண்டு சுழல்கிறது. அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி போல ஒரு இரும்பு இருக்கும். கிராஸ் என்போம். பள்ளம் மேட்டில் தண்டு ஒடிந்துவிடாமல் அசைய இடம் கொடுப்பது அதுதான். முன்பக்கத்துக் கிராஸின் பேரிங்தான் இப்போது என் கையில் பொடியாகக் கிடந்தது.

"இது கழண்டு தண்டு ரோட்டுல குத்தியிருந்தா வண்டி குட்டிக்கரணம் போட்டிருக்கும்லே" என்றான் மெக்கானிக். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், மரியாதையெல்லாம் பார்க்கமாட்டான். "கிரீஸே அடிக்கலியா?"

"மாசாமாசம் அடிச்சேன்லே."

சத்தியமாக அடித்தேன். பாளையம்பட்டியில் சர்வீசுக்கு விட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மெக்கானிக் பழைய கிராஸைத் துணியால் துடைத்து நிப்பிளைக் காட்டினான். கிரீஸ் உள்ளே போகிற சின்ன மூக்கு அது. அதன் துளையைக் கறுப்புப் பெயிண்ட் அப்பி அடைத்திருந்தது. அடித்த கிரீஸ் முழுக்க வெளியே வழிந்திருக்கிறது. வழிந்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

பெயிண்ட் என் கைங்கரியம். எஃப்.சி. சான்றிதழுக்காக ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி காட்டும்போது எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு அடித்துவிடுவோம். துருவும் தெரியாது, ஒட்டுப் போட்டதும் தெரியாது. "ஒரு எடம் விடாம அடிங்க" என்று பெயிண்டரிடம் சொன்னதும் நான்தான். அவரும் விடவில்லை. வண்டி புதுசு கணக்கா இருக்கு என்று நாலு பேர் சொன்னபோது எனக்குப் பெருமை வேறு. சீ, என்ன பிழைப்பு!

இதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. நடு சீட்டு அந்தத் தண்டுக்கு நேர் மேலே இருக்கிறது. எம்.ரெட்டியபட்டியில் ஏறும் ஒரு பெண், தினமும் ஜன்னலோரத்துக்கு மல்லுக்கு நிற்பவள், பத்து நாளைக்கு முன்பு திடீரென்று நடு சீட்டுக்கு வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள். "அண்ணே, காலுக்குக் கீழ கடகடங்குது."

ரோடு சரியில்லம்மா என்றேன். மறுநாள், "ரோடு நல்லாருக்கிற எடத்துலயும் கடகடங்குதேண்ணே" என்றாள். ரேடியோவைக் கூட்டி வைத்தேன். குறை சொல்வதற்கென்றே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். பத்தாம் நாள் கியர் போட்டபோது ரேடியோவையும் மீறி டணார் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் எனக்குக் காது கேட்டது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று கிராஸ் எடுத்துப் போட்டார்கள். முதலாவதன் டப்பாவில் பெரிய கம்பெனிப் பெயர்; ஸ்டிக்கர் ஒரு ஓரம் பிய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. கிராஸ் முனையில் இருந்த மூடியைக் கழற்றி விரல் விட்டுச் சுழற்றினேன். ஊசிகள் நறநறத்தன.

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல் மாதிரியேதான் அண்ணாச்சி." கடைக்காரர் முகத்தில் கூச்சமே இல்லை.

இரண்டாவதில் நிப்பிளே கிடையாது. உள்ளேயே கிரீஸ் வைத்து மூடியது. துளை இல்லாததால் பலமும் கூடுதலாம். "மாட்டிட்டு மறந்துருங்க அண்ணாச்சி" என்றார். மூன்றாவது நிப்பிள் வைத்தது. ஊசிகள் சத்தமில்லாமல் உருண்டன.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "மூடுனதும் மோசமில்லலே. ஆனா நம்மூருப் புழுதி உள்ள போயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நிப்பிளு வச்சத வாங்குனா நீ கிரீஸ் அடிக்கணும். அடிப்பியா, பெயிண்டடிப்பியா?"

'மறந்துருங்க' என்ற பேச்சே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிப்பிள் வைத்ததில் இரண்டு கேட்டேன். "முன்னாடி போனதுக்கு ஒண்ணு போதுமே, பின்னாடி உள்ளது ஓடும்" என்றார் கடைக்காரர். பின்னாடியும் அதே பெயிண்ட்தானே; அவரை முறைத்துவிட்டு இரண்டையும் வாங்கி வந்தேன். மாட்டி முடித்ததும் கிரீஸ் கன்னை நானே பிடித்து, கிராஸின் நாலு முனையிலும் பிதுங்கி வரும்வரை அமுக்கினேன்.

மறுநாள் காலை ரேடியோ போடவில்லை. எம்.ரெட்டியபட்டிப் பெண் அன்றும் நடு சீட்டில்தான் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "சத்தம் போயிருச்சேண்ணே" என்றாள்.

"கிராஸு மாத்தியாச்சும்மா. ஒனக்கென்ன, திடீர்னு நடு சீட்டு மேல ஆச வந்துருச்சு?"

"ஆசையா? இந்தா, ஜன்னலோரம் இருக்காளே, இவதான் மொதல்ல இங்க உக்காந்திருந்தா. காலு அதிருதுன்னா. முழுகாம இருக்காண்ணே. அடியில எதும் கழண்டு மேல வந்தா என்னத்துக்கு ஆகுறது? அதான் அவள அங்கிட்டு அனுப்பிட்டு நான் உக்காந்துக்கிட்டேன்." ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்ப அவ இங்க உக்காரலாமாண்ணே?" என்று கேட்டாள்.

உக்காரலாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பத்து நாளாக ரோட்டைக் குற்றம் சொன்ன வாய் அது. என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

"இருங்க, இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்று வண்டியை ஓரம் கட்டி, தோளில் கிடந்த துண்டை விரித்து அடியில் படுத்தேன். மில்லுக்கு நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் வெளியே வரும்வரை அவள் நடு சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.